மலையணிலும் எல்லோரும் விரும்பிய பதிலும்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள், கொழும்பு வெள்ளவத்தையில் இவ்வளவு காலம் மிருக வைத்தியம் பார்த்ததில் மனதில் நிற்கும் நோயாளி எது என்று. நாய் ஒன்றின் கதையை எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு நினைவில் நிற்பது ஓர் அணில்.

மயக்க மருந்து எவ்வளவு கொடுத்தேன், என்ன கருவி பிடித்தேன் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை உங்கள் பாடப் புத்தகங்களில் என்னைவிட நன்றாக இருக்கின்றன. சின்ன அறை ஒன்றில், நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எல்லோரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே அதை எழுதுகிறேன்.

அணில் என்றதும் நம்முடைய மதில்களில் ஓடித் திரியும் கோடு போட்ட சின்ன அணிலை நினைக்க வேண்டாம். அவையும் நிறைய வரும். பல்கனியில் கூடு கலைந்து விழுந்த குஞ்சுகளைச் சப்பாத்துப் பெட்டியில் பஞ்சு வைத்துக் கொண்டுவருவார்கள். பாதி பிழைக்கும், பாதி பிழைக்காது. இது மலையணில். சிங்களத்தில் தண்டுலேனா என்பார்கள். பூனையளவு உடம்பு, உடம்பைவிட நீண்ட வால், கறுத்த முதுகு, மஞ்சள் வயிறு. மலைநாட்டுக் காடுகளில் உயர்ந்த மரங்களின் உச்சியிலேயே வாழ்ந்து முடிப்பது. நிலத்தில் கால் வைப்பதே அரிது. அதை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் அது வளர்ந்தது.

வளர்த்தவர் செல்வராணி. நாற்பது வயதிருக்கும். ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கணவர் இறந்தபின் கொழும்புக்கு வந்து, என் கிளினிக் இருந்த ஒழுங்கையில் உள்ள அடுக்குமாடியில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். காலையில் கேற்றைத் திறக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதற்கு மேல் பழக்கமில்லை. அவர் வீட்டில் ஒரு மலையணில் இருப்பது எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மதியம், கடைசி நாயையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் ஓட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. செல்வராணி இறங்கினார். கையில் குளியல் துவாயால் மூடிய கிளிக்கூடு. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் ஒருவர், முன்னால் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளையை இருத்திக்கொண்டு வந்தார். பிள்ளையின் வலக்கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. கைக்குட்டையில் இரத்தம்.

அவர் தவராசா. செல்வராணி வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர்; குடும்பத்தோடு கீழ்மாடியில் இருந்தார். துறைமுகத்தில் பொருட்களை விடுவித்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"டொக்டர், இந்தச் சனியன் என்ர பிள்ளையைக் கடிச்சுப்போட்டுது. இதை இப்பவே கொன்றுபோட்டு, தலையை வெட்டிச் சோதனைக்கு அனுப்புங்கோ. விசர் இருக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

"ஐயா, அப்படிச் சொல்லாதீங்க," என்றார் செல்வராணி. "அது கடிக்கிற சாதி இல்லீங்க. கண்ணு தொறக்காத குட்டியிலருந்து நான்தான் வளக்குறேன். அம்மா, ஒரு வாரமா அது ஒண்ணும் திங்கல. வாயில தண்ணியா ஊத்துது. அதுக்கு என்னமோ செய்யுது."

எனக்கு உதவியாளராக இருந்த நிமல் துவாயின் ஓரத்தை உயர்த்திப் பார்த்தார். பார்த்தவர் கையை எடுத்துக்கொண்டார். "டொக்டர், மேக்கட்ட பிஸ்ஸுத?" என்று மெதுவாகக் கேட்டார். இதற்கு விசரா, வெறிநாய்க்கடியில் வரும் அந்த நோயா, என்று அர்த்தம். நிமல் தெரு நாய்களோடு இருபது வருடம் பழகியவர். இலேசில் அந்தச் சொல்லை எடுப்பவர் அல்ல.

நானும் பார்த்தேன். கூட்டின் மூலையில் குனிந்து உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து எச்சில் நூல்போல வடிந்து மார்பு மயிரெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. கண் மங்கல். கூட்டைத் தட்டியதும் பல்லைக் காட்டிச் சீறிப் பாய்ந்து, கம்பியைக் கவ்வ முயன்று, முடியாமல் பின்வாங்கியது. எச்சில், சாப்பாடு இல்லை, காரணமில்லாத கோபம். பல்கலைக்கழகத்தில் நமக்கு மனப்பாடமாக்கித் தந்த அடையாளங்கள்.

நான் முதலில் பிள்ளையிடம் போனேன். மிருக வைத்தியர்களாகிய நாம் கூட்டைத்தான் முதலில் பார்க்கப் பழகியிருக்கிறோம். அந்த அறையில் முதல் நோயாளி கூட்டுக்குள் இருக்கவில்லை. கைக்குட்டையை அவிழ்த்தேன். சுட்டுவிரல் நுனியில் ஆழமான காயம். குழாயடிக்குக் கூட்டிச் சென்று சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். நீண்ட நேரம் கழுவினேன். பிள்ளை அழவில்லை.

"பேர் என்ன?"

"அபிஷா."

"எப்படிக் கடிச்சது?"

"பிஸ்கட் குடுத்தனான். எப்பவும் குடுக்கிறனான். இண்டைக்கு விரலைப் பிடிச்சிட்டுது."

பின்னால் நின்ற தகப்பனிடம், "இவவை உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. ஊசி தொடங்கவேணும்," என்றேன்.

"அதுதான் ஏலாது," என்றார் தவராசா. இதுவரை உரத்துப் பேசியவரின் குரல் இப்போது இறங்கிவிட்டது. "இவவுக்கு மூண்டு வயசில காய்ச்சலுக்கு ஊசி ஒண்டு போட்டவை. போட்ட உடன முகமெல்லாம் வீங்கி, மூச்சு நிண்டு, நீலமாப் போனவ. நான் கையில தூக்கிக்கொண்டு ஓடினனான். விசருக்குப் போடுற மருந்து குதிரையின்ர இரத்தத்தில இருந்து எடுக்கிறதாம், அலர்ஜிக்காரருக்கு ஆபத்தாம். எங்கட ஒஃபிசில ஒருத்தருக்கு அப்பிடி நடந்தது. தேவையில்லாமல் என்ர பிள்ளையின்ர உடம்பில அதை ஏத்த விடமாட்டன். நீங்கள் அணிலைக் கொன்று பாருங்கோ. விசர் இருந்தால் ஊசி. இல்லையெண்டால் வேண்டாம். பிழையோ, சொல்லுங்கோ?"

பிழை என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நம்மோடு சண்டைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அறியாமையால் வருவதில்லை. அவர் சொன்னதில் பயமும் இருந்தது, கணக்கும் இருந்தது. அவர் விட்டுவிட்டது ஒன்றைத்தான்: பரிசோதனை முடிவு வரும்வரை நோய் காத்திருக்காது.

கூட்டைத் திறக்காமலேயே அணிலைக் கொன்று, தலையை மூளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சீறிப் பாய்ந்தபோது அது கம்பியைக் கவ்வ முடியாமல் போன விதம் எனக்கு உறுத்தியது. மலையணிலின் பல் தேங்காயையே துளைக்கும். கம்பியைக் கவ்வ மனமிருந்தும் வாய் மூடவில்லை என்றால், வாய்க்குள் ஏதோ தடுக்கிறது. அல்லது தாடை செயலிழந்து போகிறது. இரண்டில் ஒன்று. முன்னது சின்ன விஷயம். பின்னது மரணம்.

நானும் நிமலும் முன்கூட்டியே விசர்நோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். போடாத ஒருவரை நான் அந்த அறையில் நிற்க விட்டிருக்க மாட்டேன்; நீங்களும் விடாதீர்கள். மற்றவர்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன். தடித்த தோல் கையுறை, முகமூடி, கண்ணாடி. நிமல் துவாயோடு அதை அமுக்கிப் பிடிக்க, மயக்க ஊசியைத் தொடையில் ஏற்றினேன்.

உறங்கியதும் வாயைத் திறந்து பார்த்தேன். கீழ்வாய் முன்பற்கள் இரண்டும் வளைந்து வளர்ந்து மேலண்ணத்தைக் குத்திக்கொண்டிருந்தன. குத்திய இடத்தில் சீழ். கொறிக்கும் விலங்கின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும்; கடினமான காயும் பட்டையும் கடித்துக் கடித்துத்தான் அது தேயும். இந்த அணில் எதையும் கடிக்கவில்லை.

கதவைத் திறந்து செல்வராணியிடம், "இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீங்க?" என்று கேட்டேன்.

"தேத்தண்ணியில பிஸ்கட் நனைச்சுக் குடுப்பேம்மா. சோறும் பாலும் பெசைஞ்சு குடுப்பேன். கெட்டியா ஒண்ணும் குடுக்கமாட்டேன். தொண்டையில சிக்கிட்டா?"

பற்களைக் காட்டினேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தவராசா எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கரைவதை நான் கண்ணால் கண்டேன்.

"அப்ப பல்லுத்தான் பிரச்சினை. எச்சில் வடிஞ்சதும் அதாலதான். நோவில கடிச்சிருக்கு."

"ஓம், பல்லாலயும் எச்சில் வடியும்," என்றேன்.

"அப்ப விசர் இல்லை!"

செல்வராணி கும்பிட்டார். நிமல் முகமூடியைக் கழற்றிச் சிரித்தார். பிள்ளையும் சிரித்தது. சற்றுமுன் ஒருவரையொருவர் கொல்லும் முகத்தோடு நின்றவர்கள் எல்லோரும், ஒரே பதிலுக்காக, ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினால் போதும். ஊசி வேண்டாம், கொலை வேண்டாம், சண்டை வேண்டாம். எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம். நானும்கூட.

இந்தத் தொழிலில் மிக ஆபத்தான நிமிடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். நாய் பாயும் நேரம் நமக்கு எச்சரிக்கை இருக்கும். எல்லோருக்கும் பிடித்த பதில் கைக்கு வந்துவிட்ட நேரத்தில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. பல் வளர்ந்திருந்தது என்பது உண்மை. பல் வளர்ந்த விலங்குக்கு விசர்நோய் வராது என்று யார் சொன்னது?

"செல்வராணி, இது அறையை விட்டு வெளியில போறதோ?"

"இல்லம்மா. சன்னலக்கூடத் தொறக்கமாட்டேன்."

"போறது," என்றாள் அபிஷா. "கூரைக்குப் போறது. ஒருக்கா மேல பூனையோட சண்டை பிடிச்சது. காதில இரத்தம் வந்தது. அன்ரி மஞ்சள் பூசினவ."

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போய் முடியும்வரை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செல்வராணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளை அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. சொன்னது எனக்கு உதவியாக இருந்தது, அவ்வளவுதான்.

"தவராசா," என்றேன், "பல்லுக்கு நான் உத்தரவாதம் தரலாம். விசருக்குத் தரேலாது. நாய், பூனை எண்டால் கட்டிவைச்சுப் பார்க்க ஒரு முறை இருக்கு. அணிலுக்கு அப்படியொண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல. பிள்ளைக்கு ஊசி வேணும். இண்டைக்கே."

"அப்ப கொல்லுங்கோ!" அவர் மேசையில் அடித்தார். "கொன்று பாருங்கோ! ஏன் இந்தக் காட்டுச் சாமானுக்கு இரக்கம் பாக்கிறியள்? என்ர பிள்ளையில இரக்கம் இல்லையோ?"

"கொல்லுறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் இப்ப கொன்றால் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவியளோ, அல்லது முடிவு வரட்டும் எண்டு வீட்டில இருப்பியளோ?"

அவர் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

"அதுதான். முதல் பிள்ளை. பிறகு அணில். அங்க இருக்கிற டொக்டர் கொல்லச் சொன்னால் உடன கொல்லுறன். என்ர வாயால ஊசி வேண்டாமெண்டு மட்டும் சொல்லமாட்டன்."

தொலைபேசியை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் கடிகாயங்களைப் பார்க்கும் பகுதியில் இருந்த வைத்தியரிடம் கதைத்தேன். பிள்ளையின் பழைய ஒவ்வாமையை மூன்று முறை சொன்னேன். வார்ட்டில் வைத்து, எல்லா ஆயத்தத்தோடும்தான் போடுவோம் என்றார் அவர். அணிலைத் தப்பவிடாமல் அடைத்துவைக்க முடிந்தால் வைத்திருங்கள், நிலைமை மோசமானாலோ செத்தாலோ தலையை அனுப்புங்கள் என்றார். இந்தக் கடைசிப் பகுதியைத் தவராசாவுக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்லவைத்தேன்.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது வாசலில் நின்று சொன்னார்: "என்ர பிள்ளைக்கு ஊசியால ஏதும் நடந்தால், டொக்டர், நான் உங்களிட்டத்தான் வருவன்."

"வாங்கோ," என்றேன்.

செல்வராணி போகவில்லை. அவருடைய இடது பெருவிரலில் துணிக்கட்டு இருந்ததை நான் முன்னரே கண்டிருந்தேன்.

"அது என்ன?"

"கத்தி வெட்டுனதும்மா."

கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். "கத்தி பக்கத்தில பக்கத்தில ரெண்டு ஓட்டை போடாது, செல்வராணி."

அவர் உட்கார்ந்துவிட்டார். "என்னய கடிச்சுதுன்னு சொன்னா நீங்க கொன்னுடுவீங்கன்னு பயந்துட்டேன். எங்க அண்ணன் வேல செய்யிற தோட்டத்துல பெரிய மரம் ஒண்ண வெட்டிச் சாச்சாங்க. தாயி செத்துக் கெடந்துச்சு. இது மட்டும் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. பையில போட்டு பஸ்ல கொண்டாந்தேன். ராவெல்லாம் என் கழுத்துல படுத்துத்தாம்மா தூங்கும். அந்த ரூம்ல எனக்கு வேற யாரும்மா இருக்கா?"

உங்களுக்கும் ஊசி வேண்டும் என்றேன். அவரையும் நிமலோடு ஓர் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிறகு தனியே அணிலின் பற்களை வெட்டி, சீழைக் கழுவி, இரட்டைப் பூட்டுள்ள கூட்டில் பின்னறையில் வைத்தேன்.

பின்னேரம் தவராசாவின் அழைப்பு வந்தது. "சோதிக்கிறதுக்குத் தோலில ஒரு துளி போட்டவை. தடிச்சுப்போட்டுது. நான் சொன்னனான்தானே! நான் சொன்னனான்தானே உங்களுக்கு!" பின்னால் பிள்ளை அழும் சத்தம். இணைப்பு அறுந்தது.

நான் திரும்ப எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. வைத்தியரை எடுத்தேன், அவரும் எடுக்கவில்லை. நான் சொன்னது சரி என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் சரியானதைச் சொல்லி ஒரு பிள்ளையைக் கொல்லவும் முடியும். கிளினிக்கைப் பூட்டாமல், விளக்கையும் போடாமல், நாய்களை நிறுக்கும் தராசின் மேல் உட்கார்ந்திருந்தேன். பின்னறையில் மயக்கம் தெளிந்த அணில் கூட்டைப் பிராண்டும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் அதன்மேல் எனக்கு எந்த அன்பும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கடைசியில் வைத்தியரே அழைத்தார். சோதனையில் தடித்ததால் குதிரை மருந்தைக் கொடுக்கவில்லை. மனித இரத்தத்தில் இருந்து எடுக்கும் மாற்று மருந்தைத் தேடி எடுத்துக் காயத்தில் போட்டிருக்கிறார்கள், தடுப்பூசியும் தொடங்கிவிட்டது, பிள்ளை நூடில்ஸ் கேட்கிறாள். "அலர்ஜி பற்றி முன்னமே சொன்னது நல்லது," என்றார். அந்தத் தகவல் தகப்பனுடையது. பயந்து பயந்து அவர் சுமந்து வந்தது. நான் செய்தது, கேட்டதை எடுத்துச் சொன்னது மட்டும்தான்.

மறுநாள் அணிலுக்கு முருங்கை இலைச்சாறு கலந்த மருந்து கொடுக்கும்படி ஒரு வாடிக்கையாளர் ஆலோசனை சொன்னார்; நான் கொட்டம்பா என்னும் நாட்டு வாதுமைக் காய்களைக் கொடுத்தேன். முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறகு ஒரு காலையில் கறுக், கறுக் என்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், காயை இரண்டு கையாலும் பிடித்து உருட்டி உருட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. எச்சில் நின்றுவிட்டது. நாட்கள் போகப் போகக் கண் தெளிந்தது. விசர் ஏறி எச்சில் வடித்த விலங்கு அப்படித் தேறி வருவதில்லை. அது சாகவில்லை. தலையை அனுப்பத் தேவை வரவில்லை.

வனசீவராசி அதிகாரிக்கு நான் அறிவித்தேன். அறிவிக்கும் முன் செல்வராணியிடம் சொன்னேன். "ஐயோ அம்மா, நீங்களுமா," என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. அவர்மேல் வழக்கு வராமல் இருக்க நான் பேச வேண்டியதைப் பேசினேன். கையால் வளர்ந்த அணிலை நேரே காட்டில் விட முடியாது. பராமரிப்பு நிலையம் ஒன்றில் பழக்கித்தான் விடப் பார்ப்பார்கள். அதிகாரி வந்த காலையில் செல்வராணி வேலை உடுப்போடு வந்து நின்றார். அணில் அவர் குரல் கேட்டுக் கம்பியில் ஏறி, மூக்கை வெளியே நீட்டியது. அவர் தொடவில்லை, தொடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.

அதிகாரி ஓர் இளைஞர். சிங்களவர். செல்வராணி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவரிடம் சொன்னார்: "மாத்தயா, பிஸ்கட் தென்ட எப்பா." பிஸ்கட் கொடுக்க வேண்டாம். பிறகு கையால் கடித்துக் காட்டி, கெட்டியான காயாகக் கொடுங்கள் என்பதையும் விளங்கவைத்தார். வாகனம் பெருந்தெருவான காலி வீதியில் திரும்பும்வரை நின்றுவிட்டு, வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு அடுக்குமாடிக்குள் போனார். அன்று படிகள் எல்லாவற்றையும் இரண்டு முறை கழுவியதாகக் காவலாளி பிறகு சொன்னார்.

தவராசா அவரை வீட்டிலிருந்து எழுப்பவில்லை. எழுப்பப் போவதாகத்தான் முதலில் சொன்னாராம். தடுப்பூசிக்குப் போன நாட்களில் செல்வராணியும் அபிஷாவும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது. தனக்குப் போடும்போது தன் கையைப் பிடித்துக்கொள்ள அன்ரிதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்ததாம்.

ஊசிகள் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் தவராசா கிளினிக்குக்கு வந்தார். தனியாக. மிருகம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு பொமரேனியனுக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்து, தன் முறை வந்ததும் உள்ளே வந்தார்.

"அணில் உயிரோட இருக்காமே, டொக்டர்."

"ஓம். நல்லாயிருக்கு."

"அப்ப விசர் இருக்கேல்ல."

"இருக்கேல்ல."

"அப்ப என்ர பிள்ளை அவ்வளவு ஊசியும் சும்மா போட்டவ. அண்டைக்கு நாங்கள் பட்ட பாடு எல்லாம் வீண்."

"ஓம்," என்றேன். "வீண்தான்."

நான் வாதாடுவேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். கொண்டுவந்த அடுத்த வசனம் அவருக்குப் பயன்படவில்லை. திரும்பிப் போய்க் கதவுப் பிடியில் கைவைத்தார்.

"நீங்கள் அண்டைக்கு ஒண்டுமில்லை, பல்லுத்தான் எண்டு சொல்லியிருந்தால், நான் நம்பியிருப்பன், டொக்டர்."

"தெரியும்," என்றேன்.